முகப்பு வருகிறது, லாகின் 404: டாம்கேட்டை நான்காவது தடவை அழிக்காதீர்கள்

கேள்வி: பாம்பனிலிருந்து எழுதுகிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு ஜாவாவில் ஒரு வெப் அப்ளிகேஷன் செய்கிறேன். விசைப்படகுகளுக்கான ஐஸ், டீசல், கூலிக் கணக்கு. எக்லிப்ஸ் (கோட் எழுதும் மென்பொருள்), டாம்கேட் (அதை ஓட்டும் வெப் சர்வர்) எல்லாம் போட்டாகிவிட்டது. முகப்புப் பக்கம் வருகிறது, லாகின் அழுத்தினால் 404, அதாவது பக்கமே இல்லை என்கிறது. மூன்று தடவை எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்துவிட்டேன். மேவன் (தேவையான கோப்புகளை இறக்கி ப்ராஜெக்ட்டைக் கட்டும் கருவி) பில்டும் பாதியில் நின்றுவிடுகிறது. நெட் என்பது போன் ஹாட்ஸ்பாட்தான். லேப்டாப் சரியில்லையா, நெட் சரியில்லையா?

பதில்:

அந்த 404-க்கு லேப்டாப்பும் காரணமில்லை, நெட்டும் காரணமில்லை. மேவன் நிற்பதற்கு நெட் காரணம்தான், ஆனால் அது வேறு கதை, பின்னால் வருகிறேன். முதலில், தம்பி, தயவுசெய்து நான்காவது தடவை அழிக்காதீர்கள். எக்லிப்ஸை ஒரு தடவை இறக்கினாலே 500 எம்பி போய்விடும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் அது எவ்வளவு பெரிய செலவு என்று ஃபைபர் இணைப்பில் உட்கார்ந்து "ரீஇன்ஸ்டால் பண்ணிப் பாருங்க" என்று பதில் போடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

(கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

நீங்கள் சொல்லாததைச் சிலவற்றை நானே எடுத்துக்கொள்கிறேன். லேப் நோட்டில் இருந்த சர்வ்லெட் (பிரவுசர் கேட்பதற்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) கோட் ஒன்றை மாதிரியாக வைத்து எழுதியிருப்பீர்கள். அதன் மேலே "இம்போர்ட் ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட்" என்று இருக்கும். டாம்கேட்டை மட்டும் புதியதாகப் பார்த்து, 10.1 அல்லது 11, இறக்கியிருப்பீர்கள். எக்லிப்ஸில் அந்த இம்போர்ட் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு விழுந்திருக்கும். யாரோ "சர்வ்லெட் ஏபிஐ ஜாரை லிப் ஃபோல்டரில் போடு, சரியாகிவிடும்" என்று சொல்லியிருப்பார்கள் (ஜார் என்பது ஜாவா கிளாஸ்களைக் கட்டி வைத்த கோப்பு). போட்டதும் சிவப்பு மறைந்திருக்கும். தப்பு நடந்த இடம் அதுதான். சிவப்புக் கோடு உண்மையைச் சொன்னது, அந்த ஜார் அதன் வாயை அடைத்துவிட்டது.

ஏன் என்றால், சர்வ்லெட் அடங்கிய ஜாவா ஈஈ என்ற தொகுப்பை ஆரக்கிள் நிறுவனம், எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பிடம் ஒப்படைக்கப்போவதாக 2017-இல் அறிவித்தது. "ஜாவா" என்ற வணிகப்பெயர் ஆரக்கிளிடமே நின்றுவிட்டதால் தொகுப்பின் பெயர் ஜகார்த்தா ஈஈ ஆனது. 2020 டிசம்பரில் வெளியான ஜகார்த்தா ஈஈ 9-இல் உள்ளே இருந்த பேக்கேஜ் பெயர்களும் மாறின. ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் என்று இருந்ததெல்லாம் ஜகார்த்தா.சர்வ்லெட் ஆனது. டாம்கேட் 9 வரை பழைய பெயர், 10 முதல் புதிய பெயர். கம்ப்யூட்டருக்கு இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பேர்.

உங்கள் கிளாஸின் தலையில் @வெப்சர்வ்லெட் என்று ஒரு குறி போட்டிருக்கிறீர்கள். டாம்கேட் 10 தொடங்கும்போது ஒவ்வொரு கிளாஸையும் திறந்து அந்தக் குறியைத் தேடும். ஆனால் அது தேடுவது ஜகார்த்தா வீட்டுக் குறியை. உங்களுடையது ஜாவாஎக்ஸ் வீட்டுக் குறி. அதனால் உங்கள் கிளாஸை ஒரு சர்வ்லெட்டாகவே கணக்கில் எடுக்காமல் தாண்டிப் போய்விடும். கன்சோலில் ஒரு எரர் வரிகூட வராது. ஜேஎஸ்பி, எச்டிஎம்எல் பக்கங்களை அப்படித் தேட வேண்டியதில்லை என்பதால் முகப்பு ஒழுங்காக வரும். "முகப்பு வருகிறது, லாகின் 404, கன்சோல் சுத்தம்" என்ற மூன்றும் சேர்ந்தால் பத்தில் ஒன்பது தடவை இதுதான். குறிக்குப் பதில் வெப் எக்ஸ்எம்எல் ஃபைலில் பெயர் கொடுத்திருந்தால் 404 வராது, சர்வருக்குள் கோளாறு என்று சொல்லும் 500 வரும்: "ஜகார்த்தா.சர்வ்லெட்.சர்வ்லெட்டாக காஸ்ட் செய்ய முடியாது" என்றோ, "நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்" என்றோ. அது எவ்வளவோ மேல், காரணத்தையாவது சொல்கிறது.

உறுதிசெய்ய இரண்டு நிமிடம் போதும். டாம்கேட்டுக்குள் "பின்" என்ற பெயருள்ள ஃபோல்டரில் வெர்ஷன்.பேட் என்று இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் அந்த ஃபோல்டருக்குப் போய் அதை ஓட்டினால் டாம்கேட் எண்ணும், அது எந்த ஜாவாவில் ஓடுகிறது என்பதும் வரும். அதையும் உங்கள் இம்போர்ட் வரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜோடி இதுதான். ஜாவாஎக்ஸ் கோட் என்றால் டாம்கேட் 9, டைனமிக் வெப் மாட்யூல் (ப்ராஜெக்ட்டின் சர்வ்லெட் பதிப்பை எக்லிப்ஸ் குறிக்கும் பெயர்) 4.0, ஜாவா 8 அல்லது அதற்கு மேல். ஜகார்த்தா கோட் என்றால் டாம்கேட் 10.1, மாட்யூல் 6.0, ஜாவா 11 அல்லது அதற்கு மேல். டாம்கேட் 11 என்றால் ஜாவா 17 கட்டாயம். ஸ்ப்ரிங் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்கைப் பயன்படுத்தினால், 5.3-க்கு டாம்கேட் 9. ஸ்ப்ரிங் 6-க்கு டாம்கேட் 10.1, ஜாவா 17. ஜேடிகே (ஜாவாவை எழுதவும் ஓட்டவும் வேண்டிய தொகுப்பு) 17-ஐ ஒரே தடவை போட்டுவிட்டால் இந்த எல்லா ஜோடிக்கும் அது போதும்.

உங்களுக்கு நான் சொல்வது டாம்கேட் 9. "2020-லேயே மாறிவிட்டதே, பழையதை ஏன் சொல்லிக்கொடுக்கிறாய்" என்று கீழே யாராவது வருவார்கள். புதிதாக ஒரு வேலையைத் தொடங்குகிறவருக்கு நானும் 10.1 என்றுதான் சொல்வேன். ஆனால் உங்களிடம் இருக்கும் கோட், நோட்டு, வைவா கேள்வி எல்லாமே ஜாவாஎக்ஸ். 9.0 வரிசைக்குத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. 2024 மார்ச்சோடு ஆதரவு நின்றுபோனது 8.5-க்குத்தான், அதைத் தொட வேண்டாம். டாம்கேட் 9 ஜிப்பை இறக்க இருபது எம்பிகூட ஆகாது, எக்லிப்ஸை மறுபடி இறக்கவே தேவையில்லை.

டாம்கேட்டை அல்ல, கோட் வரிகளைத்தான் மாற்றுவேன் என்றால் ஒரு எச்சரிக்கை. ஃபைண்ட்-ரீப்ளேஸ் போட்டு எல்லா ஜாவாஎக்ஸையும் ஜகார்த்தா ஆக்கிவிடாதீர்கள். ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் மாறும். ஜாவாஎக்ஸ்.எஸ்க்யூஎல், ஜாவாஎக்ஸ்.நேமிங், ஜாவாஎக்ஸ்.கிரிப்டோ மூன்றும் ஜேடிகேவுக்குள்ளேயே இருப்பவை, அவற்றின் பெயர் மாறவில்லை. மாற்றினால் டேட்டாபேஸ் இணைப்புக் கோட் முழுவதும் உடையும். ஜேஎஸ்பி டேக்குகளுக்கான ஜேஎஸ்டிஎல் 1.2 ஜாரும் டாம்கேட் 10-இல் வேலை செய்யாது, ஜகார்த்தா பதிப்பு வேண்டும். முடிந்த வார் ஃபைல் (முழு அப்ளிகேஷனையும் கட்டி வைத்த கோப்பு) மட்டும்தான் கையில் இருக்கிறது, கோட் இல்லை என்றால், டாம்கேட் 10-இல் வெப்ஆப்ஸ் ஃபோல்டருக்குப் பக்கத்தில் "வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ" என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடுங்கள். டாம்கேட்டே பெயர்களை மாற்றி எடுத்துக்கொள்ளும்.

இனி எக்லிப்ஸ். டாம்கேட்டை மாற்றினால் மட்டும் போதாது, ப்ராஜெக்ட்டும் பழைய எண்ணை நினைவில் வைத்திருக்கும். லிப் ஃபோல்டரில் நீங்கள் போட்ட சர்வ்லெட் ஏபிஐ ஜாரை முதலில் தூக்குங்கள். சர்வ்லெட் ஏபிஐ டாம்கேட்டிடமே இருக்கிறது, ப்ராஜெக்ட்டோடு அனுப்பக் கூடாது. மேவன் என்றால் பாம் ஃபைலில் (மேவன் படிக்கும் அமைப்புக் கோப்பு) அதற்கு ஸ்கோப் "ப்ரொவைடட்". பிறகு ப்ராப்பர்ட்டீஸுக்குள் டார்கெட்டட் ரன்டைம்ஸில் டாம்கேட் 9-ஐ டிக் செய்யுங்கள். ப்ராஜெக்ட் ஃபேசட்ஸில் டைனமிக் வெப் மாட்யூலை 4.0 ஆக்குங்கள். "கேன்னாட் சேஞ்ச் வெர்ஷன்" என்று முரண்டு பிடிக்கும், எண்ணைக் கீழே இறக்க அது சம்மதிக்காது. அப்போது எக்லிப்ஸை மூடிவிட்டு, ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் செட்டிங்ஸ் ஃபோல்டரைத் திறந்து, "ஃபேசட்.கோர்" என்று முடியும் எக்ஸ்எம்எல்லை நோட்பேடில் எடுங்கள். ஜேஎஸ்டி.வெப் வரியில் எண்ணை 4.0 ஆக்கிச் சேமியுங்கள். மேவன் ப்ராஜெக்ட்டுக்கு ஆல்ட்+எஃப்5 அடித்து அப்டேட் கொடுங்கள். கடைசியாக சர்வர்ஸ் டேபில் வலது கிளிக், கிளீன். அடுத்து கிளீன் டாம்கேட் வொர்க் டைரக்டரி. இந்தக் கடைசிப் படியை விட்டால் பழைய கிளாஸே ஓடி, மாற்றியும் பலனில்லை என்று நினைப்பீர்கள்.

மேவன் ப்ராஜெக்ட்டில் எல்லாம் சரியாக இருந்தும் "கிளாஸ் நாட் ஃபவுண்ட்" வந்தால், ப்ராப்பர்ட்டீஸில் டெப்ளாய்மென்ட் அசெம்ப்ளி பாருங்கள். அங்கே மேவன் டிபெண்டென்சீஸ் என்ற வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜார்கள் டாம்கேட்டுக்குப் போகவே இல்லை.

எக்லிப்ஸிலிருந்து டாம்கேட்டை ஓட்டிவிட்டு லோக்கல்ஹோஸ்ட் 8080-ஐ மட்டும் திறந்தால் வரும் 404 கோளாறே இல்லை. எக்லிப்ஸ் தன் வொர்க்ஸ்பேஸுக்குள் தனியாக ஒரு நகல் ஃபோல்டரில் ஓட்டுகிறது, டாம்கேட்டின் வரவேற்புப் பக்கம் அங்கே கிடையாது. ப்ராஜெக்ட் பெயரோடு முகவரி கொடுங்கள். "போர்ட்ஸ் ஆர் இன்வாலிட்" என்று வந்தால், சர்வரை இரட்டைக் கிளிக் செய்து டாம்கேட் அட்மின் போர்ட்டில் 8005 போடுங்கள்.

போர்ட் 8080 ஏற்கெனவே பயன்பாட்டில் என்று வந்தால், டிபிஎம்எஸ் லேபுக்காகப் போட்ட ஆரக்கிள் எக்ஸ்இ டேட்டாபேஸாக இருக்கலாம். 10ஜி, 11ஜி இரண்டும் தன் வெப் பக்கத்துக்கு 8080-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். "நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ" அடித்து 8080 வரியின் கடைசியில் உள்ள எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடினால் யார் என்று தெரிந்துவிடும். ஆரக்கிளைக் கொல்ல வேண்டாம், டாம்கேட்டை 8081-க்கு மாற்றுங்கள்.

ஜாவா எண் குழப்பத்துக்கு ஒரு கணக்கு: "அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்" எரரில் 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. பெரிய எண் கம்பைல் செய்தது, சிறிய எண் ஓட்டப் பார்ப்பது. "வேர் ஜாவா" அடித்தால் எந்தெந்த ஜாவா வரிசையில் நிற்கிறது என்று வரும், முதல் வரியில் இருப்பதுதான் ஓடும். ஆரக்கிளின் ஜாவா இன்ஸ்டாலர் தன் "ஜாவாபாத்" ஃபோல்டரை முன்னால் செருகிவிடும், அதைப் பாருங்கள். ஜாவா_ஹோம் என்பது ஜேடிகே ஃபோல்டர்வரைதான், கடைசியில் "பின்" ஃபோல்டரைச் சேர்க்கக் கூடாது. பாத்தை மாற்ற "செட்எக்ஸ்" கட்டளை வேண்டாம், 1024 எழுத்துக்கு மேல் வெட்டிவிடும். 2020 செப்டம்பர் பதிப்பிலிருந்து எக்லிப்ஸ் தனக்கென்று ஒரு ஜாவாவோடு வருகிறது. அதனால் எக்லிப்ஸ் திறக்கிறது என்பது உங்கள் ஜாவா சரி என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

இப்போது மேவன். முதல் பில்டில் அது நூற்றுக்கணக்கான சின்னக் கோப்புகளை இழுக்கும். நடுவில் சிக்னல் போனால் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, கோப்பு வராமலே போய், "லாஸ்ட்அப்டேட்டட்" என்று முடியும் ஒரு குறிப்பை மட்டும் எழுதி வைத்துவிடும். அதன்பின் நெட் நன்றாக இருந்தாலும் அன்று முழுக்க மறுபடி கேட்காது. அதற்கு "எம்விஎன்" என்று தொடங்கும் மேவன் பில்ட் கட்டளையோடு "-யு" சேருங்கள், யு பெரிய எழுத்து. இரண்டாவது, ஜார் பாதியாக இறங்கியிருக்கும். "இன்வாலிட் எல்ஓசி ஹெடர்" அல்லது "ஜிப் எண்ட் ஹெடர் நாட் ஃபவுண்ட்" என்று வரும். அந்த வரியிலேயே ஜாரின் பெயர் இருக்கும். யூசர் ஃபோல்டரில் புள்ளி எம்2, அதற்குள் ரெப்பாசிட்டரி, அங்கே அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் அழியுங்கள். எம்2 முழுவதையும் அழி என்று சொல்லும் பதில்களைக் கேட்காதீர்கள், பல நாள் டேட்டா வீணாகும்.

ஒருமுறை பில்ட் முடிந்ததும் "எம்விஎன் டிபெண்டென்சி:கோ-ஆஃப்லைன்" ஓட்டுங்கள். இனி பில்ட் கட்டளையோடு "-ஓ" சேர்த்தால் போதும், நெட் தேவையில்லை. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ராமேஸ்வரத்தில் கூட்டம் நெரிந்து டவர் திணறும்போதும் வேலை நடக்கும். கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ நல்ல இணைப்பு உள்ள வகுப்புத்தோழர் இருந்தால் அவருடைய ரெப்பாசிட்டரி ஃபோல்டரை பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கியும் ஆஃப்லைனில் மறுத்தால், உள்ளே இருக்கும் "_ரிமோட்.ரெப்பாசிட்டரீஸ்" கோப்புகளைத் தேடி அழியுங்கள், ஜாரைத் தொட வேண்டாம். நம் பக்கம் உப்புக் காற்றில் பென்டிரைவ் முனையும் யுஎஸ்பி துளையும் பச்சை பிடித்து, காப்பி நடுவில் அறுந்துபோகும். ஆகவே எந்த ஜிப்பையும் விரிக்கும் முன் "செர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல்" கட்டளையில் ஃபைல் பெயரும் "எஸ்எச்ஏ512"-உம் கொடுத்து, டாம்கேட் தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

ஜேடிகே 17-ஓடு வார் செய்யும்போது "ட்ரீமேப்" பெயர் சொல்லி பில்ட் விழுந்தால், வார் ப்ளகின் 2.2-இல் நிற்கிறது என்று அர்த்தம். பாம் ஃபைலில் 3.4.0 என்று எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. இந்தக் கரைப் பிள்ளைகள் இவ்வளவையும் ஹாட்ஸ்பாட்டில் கற்றுக்கொண்டு வேலைக்கு விண்ணப்பித்தால், கேமரா போட்டு வீட்டிலிருந்தே எழுதும் ஆன்லைன் தேர்வு வைக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போய் லைன் அறுந்தால் தேர்வு முடிந்தது, சில இடங்களில் அதை முறைகேடு என்றே குறித்துவிடுகிறார்கள். அறுந்த இடத்திலிருந்து தொடர ஒரு வழி வைப்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. செய்யலாம், செய்யாமல் இருக்கிறார்கள்.

டாம்கேட் 9-க்கு மாறி, ஜாரைத் தூக்கி, கிளீன் செய்தபிறகும் லாகின் 404 என்றால் மூன்று வரி மட்டும் இங்கே போடுங்கள்: சர்வ்லெட் ஃபைலின் இம்போர்ட் வரி, @வெப்சர்வ்லெட் வரி, ஜேஎஸ்பியில் ஃபார்மின் ஆக்‌ஷன் வரி. ஆக்‌ஷனில் தொடக்கச் சாய்வுகோடு போட்டிருந்தால் ப்ராஜெக்ட் பெயரைத் தாண்டி வெளியே போய்த் தேடும். இங்கே வரிகளைப் பதிவதற்கு முன்பே அந்தச் சாய்வுகோட்டை மட்டும் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.