அத்தை பதில்கள்: தம்பி வீட்டில் 26 நாள்

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்வந்தேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதினாலும் எழுதினேன், இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. மாமியார் பஞ்சாயத்துகளும் பங்காளிச் சண்டைகளும் அடுத்த இதழுக்குப் போகின்றன. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கே: மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். நாங்கள் இருவரும் முதல் தடவையாக ஒரு மாதம் போகிறோம். என்னென்ன கொண்டுபோகலாம்?
*- வாசகி, பட்டுக்கோட்டை*

ப: நான் பெட்டி கட்டிய லட்சணத்தைக் கேளுங்கள். முருங்கைக்காய், வாழைப்பூ, ஒரு கட்டு கறிவேப்பிலை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத் தம்பிக்கு ஃபோன் போட்டேன். சிரித்தான். "அக்கா, தேக்கா மார்க்கெட்டுக்கு வந்து பாரு, மன்னார்குடி சந்தையில இல்லாத கீரை கூட இருக்கும்" என்றான். லிட்டில் இந்தியாவில் இருக்கும் அந்தச் சந்தைக்குப் போய்ப் பார்த்தேன், உண்மைதான். ஆகவே காசு கொடுத்தாலும் உங்கள் கைப்பக்குவத்தில் கிடைக்காததை மட்டும் கட்டுங்கள். நான் கொண்டுபோனது வெங்காய வடகமும் மோர்மிளகாயும் உப்பு நார்த்தங்காயும்தான்.

வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன். கசகசா வேண்டவே வேண்டாம். நமக்குக் குருமாச் சாமான், அங்கே போதைப்பொருள் சட்டத்தின் கண்ணில் படுகிற சரக்கு. குருமாப் பொடியில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள். கறி வறுவல், உப்புக்கண்டம் கூடாது. உங்கள் வீட்டுக்காரர் போயிலை போடுகிறவரா? மெல்லும் புகையிலை அந்த நாட்டில் தடை. மடியில் முடிந்துகொண்டும் போக முடியாது. ஒரு மாதம் வெறும் வெற்றிலை பாக்கோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

விசா தனி. அதுபோக, போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை ஒன்று நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணமே கிடையாது. காசு கேட்கிற வலைத்தளம் எதிலாவது மாட்டிக்கொள்ளாமல் மகனையே நிரப்பச் சொல்லுங்கள்.

கே: பகல் முழுக்க அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டால் பெட்டி போன்ற அடுக்குமாடி வீட்டில் தனியாக என்ன செய்வது? மூச்சு முட்டாதா?
*- வாசகி, மதுரை*

ப: முட்டியது. முதல் நாலு நாள்.

தம்பி இருப்பது யீஷூனில், பதினோராம் மாடியில். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு என்பார்கள். நம்ம வீட்டு வசதி வாரியம் மாதிரி அரசாங்கம் கட்டியது. அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் இப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறார்கள். மன்னார்குடியில் விடிகாலை 5 மணிக்குக் கோலம் போடுகிறவள் நான். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. என் உடம்புக்கு 5 மணி ஆகும்போது அங்கே 7.30, வீடே காலி. "அண்ணி நல்லாத் தூங்குறாங்க, பாவம் அலுப்பு" என்று தம்பி மனைவி ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாள். என் வாழ்நாளில் எனக்கு இப்படியொரு பேர் வந்ததில்லை.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சமையலறைக்குப் பக்கத்தில் கனத்த இரும்புக் கதவு போட்ட சிற்றறை. 31 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவளுக்கு லாக்கர் அறைக் கதவு தெரியாதா? இவ்வளவு நகையா சேர்த்துவிட்டான் தம்பி என்று திறந்தால் அரிசி மூட்டையும் பழைய சூட்கேசும்! போர் வந்தால் ஒளிந்துகொள்ள 1990களின் பிற்பகுதியிலிருந்து புது வீடுகளில் இப்படி ஓர் அறை கட்டுகிறார்களாம். குண்டு விழாத வரைக்கும் அரிசிக்கு ஆயிற்று.

அப்புறம் நான் செய்ததுதான் தப்பு. சும்மா இருக்க முடியாமல் சமையலறையை வாளித் தண்ணீர் ஊற்றி நம் ஊர்போலக் கழுவிவிட்டேன். தண்ணீர் போக அங்கே வழி இல்லை, ஹாலுக்குள் நுழைந்துவிட்டது. ஹாலில் மரத்தகட்டுத் தரை. ஓரம் ஊறி உப்பிக்கொண்டது. தம்பி மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அந்த இடத்தில் ஒரு கால்மிதி முளைத்திருந்தது. மூன்று நாள் அதைத் தாண்டித் தாண்டி நடந்தேன்.

ஐந்தாம் நாள்தான் திருப்பம். துணி உலர்த்த சன்னலுக்கு வெளியே தாங்கி இருக்கிறது; நீளக் கழியில் துணியைக் கோத்து அதில் வைக்க வேண்டும். மேலேயிருந்து ஏதாவது விழுந்து யார் தலையிலாவது பட்டால் வழக்காகிவிடும், கிளிப் போடுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். என் சுங்குடிச் சேலைக்குக் கிளிப் போட மறந்தேன். அது பறந்து போய் ஒன்பதாம் மாடிக் கழியில் தொங்குகிறது. பதறிக்கொண்டு மின்தூக்கியில் இறங்கினேன். (தமிழ் முரசில் லிஃப்டை அப்படித்தான் எழுதுகிறார்கள். 1935லிருந்து வருகிற பத்திரிகை. நல்ல தமிழை அங்கே போய்ப் படித்துவிட்டு வந்தேன்.)

கதவைத் திறந்தது ஒரு சீன அம்மாள். என்னைவிட நாலைந்து வயது மூப்பு இருக்கும். நான் அவரை "ஆண்ட்டி" என்றேன், அவர் என்னை "ஆண்ட்டி" என்றார். மேலே விரலைக் காட்டினேன், கையால் பறவை மாதிரி பறந்து காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். சேலை ஈரமாக இருக்கிறது, காய்ந்ததும் தருகிறேன் என்று சாடையிலேயே சொல்லி, சாயங்காலம் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஆறு கஜத்தை எப்படித்தான் அவ்வளவு சின்னதாக மடித்தாரோ!

ஒரு புளோக்கில் (அடுக்குமாடிக் கட்டடத்தில்) இன்ன இனத்தார் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 1989லிருந்து அங்கே விதி. எல்லோரும் கலந்துதான் இருக்க வேண்டும். அது சரியா தப்பா என்று அந்த ஊர்க்காரர்கள் பேசிக்கொள்ளட்டும். என் சேலை விழுந்த இடம் நல்ல இடம்.

மறுநாள் காலை அவர்தான் என்னைக் கீழே கோப்பிக்கடைக்கு அழைத்துப் போனார். அங்கே டீ என்று மட்டும் சொன்னால் சரிப்படாது. வெறும் 'தே' என்றால் டின்பால் போட்டுத் தித்திப்பாக வரும். 'தே ஓ' என்றால் பால் இல்லாமல். 'தே சி' என்றால் இனிப்பில்லாத டின்பால். 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை இல்லை. சர்க்கரை வியாதிக்காரி எனக்கு 'தே சி கோசோங்' என்ற மந்திரம் நாக்கில் ஏறியபின், தினம் காலை 9 மணிக்கு எனக்கு ஒரு நாற்காலி அங்கே உண்டு. பிறகு நார்த்பாயிண்ட் கடைத்தொகுதிக்குள் இருக்கும் நூலகம். தமிழ்ப் புத்தகங்களும் வைத்திருக்கிறார்கள். மின்விசிறிக்குக் கீழே மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள், மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதே என்று ஓடிவர ஆரம்பித்தேன்.

கே: எல்லாவற்றையும் ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் கணவரை எப்படித் திருத்துவது?
*- வாசகி, திருச்சி*

ப: வங்கியில் பெருக்கியே பென்ஷன் வாங்குகிறவளிடம் கேட்கிறீர்களே. ஒரு காப்பியை ரூபாயாக்கிப் பார்த்து, குடிக்காமல் எழுந்தவள் நான். ஒரு வாரத்தில் தானாக அடங்கும். சம்பாதிக்கிற பிள்ளை முன்னால் மட்டும் வாய்விட்டுப் பெருக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

கே: அவ்வளவு நாள் இருந்தும் யுனிவர்சல் ஸ்டுடியோ பார்க்கவில்லையாமே?
*- வாசகர், நாகப்பட்டினம்*

ப: ஆமாம். யீஷூன் புனித மரம் கோயில் பாலசுப்பிரமணியரைப் பார்த்தேன்.

கே: நான் சிங்கப்பூரிலிருந்தே எழுதுகிறேன். மாமனார், மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். சனி ஞாயிறு எல்லா இடமும் காட்டுகிறோம். ஆனாலும் "எப்போ ஊருக்கு டிக்கெட்?" என்றே கேட்கிறார்கள். என்ன குறை வைத்தோம்?
*- வாசகி, செங்காங்*

ப: குறை ஒன்றும் இல்லை தாயி. வீட்டுச் சாவி கொடுத்தாயா?

சேலை விழுந்த அன்று நான் பட்ட பாட்டில் இதைச் சொல்லாமல் விட்டேன். கதவை இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. சேலையைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்து பார்த்தால் வெளியே நிற்கிறேன், கையில் ஃபோனும் இல்லை. தம்பி மகள் பள்ளி விட்டு வரும்வரை நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், நாடாவில் கோத்த சாவியும் புளோக் எண், மாடி, வீட்டு எண், அப்பா நம்பர் எழுதிய அட்டையும் கொண்டுவந்து என் கழுத்தில் மாட்டினாள். "அத்தை, இது உங்களோடது." அதுவரை நான் விருந்தாளி.

சாவியோடு ஒரு வேலையும் கொடு. எனக்குக் கிடைத்த வேலை செவ்வாய்க்கிழமை தேக்காவுக்குப் போய் வெற்றிலையும் கீரையும் வாங்குவது. யீஷூனிலிருந்து டோபி காட், அங்கே ரயில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. முதல் வாரம் தம்பி கூட வந்தான். அடுத்த வாரம் நானே போனேன். மாமனாருக்குப் பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவருகிற வேலை கொடுத்துப் பார். சமையலறையை மட்டும் மாமியாரிடம் முழுசாக விட்டுவிடாதே. தரையைக் கழுவிவிடுவார்.

ஊர் வந்து பெட்டியைப் பிரித்தால், நாடாவோடு சாவி என் கைப்பையிலேயே கிடக்கிறது. தம்பிக்கு ஃபோன் போட்டேன். "இருக்கட்டும், வெச்சுக்க அக்கா" என்றான். பின்னாலிருந்து அவன் மனைவி, மறு சாவி போட எத்தனை டாலர் ஆகும் என்று கேட்டது எனக்கும் கேட்டது.