கும்பிடுபூச்சி முட்டைக்கூட்டைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: ஏற்காட்டில் இரண்டு ஏக்கர் காபி வைத்திருக்கிறோம். காய்த் துளைப்பான் தொல்லை தாங்கவில்லை. பச்சை நிறப் பெரிய கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடுகளைச் செடியில் கட்டினால் மருந்தே வேண்டாம் என்று ஒருவர் கூடு 120 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு, விஷப்பூச்சியா?

பதில்: வாங்காதீர்கள். விஷமெல்லாம் கிடையாது, பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம்.

காய்த் துளைப்பான் ஒன்றரை மில்லிமீட்டர் வண்டு. காயின் நுனியில் ஓட்டை போட்டு நுழைந்து, கொட்டைக்குள்ளேயே முட்டையிட்டுப் பெருகும். உங்கள் ஆள் விற்பது அநேகமாக ஹீரோடூலா இனம். பெண்பூச்சி 8 சென்டிமீட்டர் வரை வளரும். கிளையில் அசையாமல் காத்திருந்து, கண் முன்னால் நகர்வதைப் பிடிக்கும். காய்க்குள் இருப்பது அதன் கண்ணிலேயே படாது. காபிப் பூவுக்கு வரும் தேனீயைத்தான் பிடித்துத் தின்னும்.

ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேல் குஞ்சுகள் வரும் என்பது உண்மைதான். ஆனால் பசியெடுத்ததும் ஒன்றையொன்று தின்றுவிடும். பெரிதாக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

இந்தத் தரகர்கள் ட்ரைக்கோகிரம்மா (பூச்சி முட்டைகளை அழிக்கும் பொடிக்குளவி) முட்டை அட்டைக்கு இருக்கிற நல்ல பெயரை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். அந்த அட்டை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துத் தருவது. இவர்கள் தருவது எங்கோ புதரில் ஒடித்தது. 1968-ம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி நுண்ணுயிர் மருந்துக்குப் பதிவு வேண்டும், உயிருள்ள பூச்சிக்கு வேண்டாம். விவசாயி ஏமாந்தால் கேட்க நாதியில்லை. இத்தனை வருடமாக இந்த ஓட்டையை அடைக்க ஒருவருக்கும் மனமில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? கூட்டைத் திருப்பிப் பாருங்கள். நுரை காய்ந்து கெட்டியான உறை அது. குஞ்சுகள் அதன் முன்பக்கத்து நீளக் கோட்டு வழியாகத்தான் வெளியே வரும். மற்ற பக்கங்களில் ஊசியால் குத்தினாற்போல வட்ட ஓட்டைகள் இருந்தால், பொடாக்ரியன் என்ற பொடிக்குளவியின் புழுக்கள் முட்டைகளைத் தின்று, குளவிகளாகிப் பறந்துவிட்டன என்று அர்த்தம். ஓட்டையே இல்லாவிட்டாலும் நம்பிவிடாதீர்கள். புழு இன்னும் உள்ளே இருக்கலாம். அதனால் "முழுக் கூடு" என்று கூடுதல் விலை சொன்னால் அதுவும் ஏமாற்றுதான்.

அந்தக் காசைக் கூலிக்குக் கொடுங்கள். பறிக்கும்போது செடிக்கடியில் பாய் விரியுங்கள். கடைசிப் பறிப்புக்குப் பின் செடியில் நிற்கும் காயையும் கீழே உதிர்ந்ததையும் ஒன்று விடாமல் பொறுக்கிவிடுங்கள். துளைப்பான் அடுத்த பருவம் வரை உயிர் பிடித்திருப்பது அவற்றில்தான். அப்புறம் பொறியும், தேவைப்பட்டால் துளைப்பானைக் கொல்லும் பிவேரியா பூஞ்சாணமும் போதும். கவாத்தில் முட்டைக்கூடு ஏதும் தென்பட்டால், அந்தக் குச்சியை மட்டும் எடுத்து வேலியோரம் செருகிவிடுங்கள்.