போர்ச் செய்தியும் ஜெபக்கூட்டமும்

கேள்வி: எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் போர்ச் செய்தி வந்தாலே, "அர்மகெதோன் வந்துடுச்சுங்க" என்று, உலக முடிவின் கடைசிப் போரை நினைத்துப் பயப்படுகிறார்கள். வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எப்படிப் படிப்பது?
— ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: பெரும்பாலும் 13-ம் அதிகாரத்து மிருகத்தில் தொடங்குவதுதான் கோளாறு. அர்மகெதோன் என்ற பெயர் வேதாகமம் முழுவதிலும் 16:16-ல் ஒரே ஒரு முறைதான் வருகிறது!

8 வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் 1-ம் அதிகாரம். அடுத்து 2, 3. மூன்றாவது வாரம் 4, 5. இதை அவசரப்படுத்தாதீர்கள். 5:5-ல் சிங்கம் ஜெயித்தது என்று சொல்லப்படுவது, இந்தத் தரிசனத்தைக் கண்டு எழுதிய யோவானின் காதில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால் 5:6-ல் நிற்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி; இரண்டும் இயேசுவையே குறிக்கின்றன. வெற்றி சிலுவையில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, ஆயுதத்தால் அல்ல. பிறகு 6 முதல் 16 வரை மூன்று வாரம், 17 முதல் 20 வரை ஒரு வாரம், கடைசியில் 21, 22.

தேவனுடைய நியாயத்தீர்ப்பை ஏழேழாகக் காட்டும் முத்திரை, எக்காளம், கலசம் மூன்றையும் காலண்டர்போல வரிசையாக்கி இன்றைய நாடுகளின் பெயரை ஒட்டாதீர்கள். இந்தப் புத்தகம் ஒரு கடிதமாக முதலில் போனது இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியிலிருந்த 7 சபைகளுக்கு. மத்தேயு 24:6-ஐயும் கூடவே வாசியுங்கள்: யுத்தச் செய்தி வரும், முடிவு உடனே வராது.

ஜெபத்தில் முறையிடவும் இடம் கொடுங்கள். 6:10-ல் இரத்தசாட்சிகளே "எதுவரைக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள்.