வாசகர் கேள்வி – பதில்: ஸ்கண்டிநேவியாவில் ரோலர் கோஸ்டர் சுற்று

நோர்வேயிலும் டென்மார்க்கிலும் உறவு இல்லாத யாழ்ப்பாணக் குடும்பத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு அங்கே போகிறவர்களிடமிருந்து கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதியிருக்கிறோம்.

மகன் ஒஸ்லோவில் இருக்கிறான். அவனும் ரோலர் கோஸ்டர் பைத்தியம் பிடித்த நாலு நண்பர்களும் ஆடி மாதத்தில் பத்து நாளில் மூன்று நாடுகள், ஒன்பது பூங்காக்கள் என்று திட்டம் போட்டு எங்களையும் கூப்பிடுகிறார்கள். நடக்கிற காரியமா? – வாசகர், கொக்குவில்

போய்வரலாம், ஆனால் ஏறி இறங்க நேரம் இராது. ஒன்பதை ஆறாகக் குறைக்கச் சொல்லுங்கள். அதிலும் சுவீடனின் கோத்தன்பேர்க் நகரிலுள்ள லிசபேர்க் பூங்காவுக்கு ஒன்றரை நாள் ஒதுக்கச் சொல்லுங்கள்.

வழி இப்படி வைக்கலாம். முதல் நாள் ஒஸ்லோவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தெற்கே உள்ள துசன்ஃப்ரிட் பூங்கா. மறுநாள் காலை ரயிலிலோ பஸ்ஸிலோ கோத்தன்பேர்க். நாலு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அன்று பின்னேரமும் அடுத்த நாள் முழுவதும் லிசபேர்க். நாலாம் நாள் கப்பலில் டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஸ்ஹாவ்னுக்கு. அங்கிருந்து காரில் ஃபோருப் சோமர்லாண்ட் ஒரு நாள், யூர்ஸ் சோமர்லாண்ட் ஒரு நாள். இந்த இரண்டும் நாட்டுப்புறத்தில் இருக்கின்றன. பஸ்ஸை நம்பினால் பாதி நாள் தரிப்பிடத்திலேயே போய்விடும், ஆகவே இவை உள்ள யூட்லாண்ட் பகுதியில் கார் கட்டாயம். ஏழாம் நாளை வெறுமனே விடுங்கள். அந்தப் பக்கத்தில் சொந்தக்காரர் இல்லாமலா போவார்கள்! கடைசி மூன்று நாள் கொப்பன்ஹேகன்: போய்ச் சேர ஒரு நாள், டிவோலி பூங்கா ஒரு நாள், பக்கன் பூங்கா ஒரு நாள். ஸ்டொக்ஹோமின் குரோனா லுண்ட் பூங்காவையும், நொர்ஷொப்பிங்குக்குப் பக்கத்திலுள்ள கொல்மோர்டன் விலங்குப் பூங்காவையும் இந்தச் சுற்றில் செருகப் பார்க்க வேண்டாம். அவை கிழக்குக் கரையில் இருப்பவை; இன்னொரு பயணத்துக்கு உரியவை.

ஒன்பது ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். வரிசையில் நிற்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள்: கோஸ்டர் ரயிலில் எத்தனை இருக்கை, ஒரு ரயில் புறப்பட்டு எத்தனை செக்கனில் அடுத்தது புறப்படுகிறது. 20 இருக்கை, 75 செக்கன் என்றால் மணிக்கு 48 ரயில், 960 பேர். உங்களுக்கு முன்னால் 320 பேர் நின்றால் 20 நிமிடம். அதே இடத்தில் ஓடும் இரண்டு ரயிலில் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஓட்டினால் காத்திருப்பு இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகும். ஆடியில் மூன்று நாட்டுப் பள்ளிகளுக்கும் விடுமுறை. ஒரு பூங்காவில் அரை நாள் மட்டும் நின்றால் பெரிய கோஸ்டர்கள் மூன்றில் தலா ஒரு முறை ஏறலாம், அவ்வளவுதான். ஒரே கோஸ்டரில் காலையில் முன் இருக்கையிலும் இரவில் பின் இருக்கையிலும் ஏறிப் பார்த்தவருக்குத்தான் அந்தக் கோஸ்டர் பிடிபடும்.

மூன்று நாட்டுக்கும் மூன்று விசாவா? – வாசகர், சாவகச்சேரி

இல்லை. நோர்வே, சுவீடன், டென்மார்க் மூன்றும் செங்கன் வலயத்தில் உள்ளவை, ஒரு விசா போதும். கூடுதல் நாள் தங்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் கால்வைக்கும் நாட்டுக்கு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் ஏற்கமாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். மேலே சொன்ன வழியில் டென்மார்க்கில்தான் கூடுதல் நாள் போகிறது என்பதைக் கவனியுங்கள். மகன் ஒஸ்லோவில் இருக்கிறார் என்பதற்காக நோர்வேக்கு விண்ணப்பித்துவிட்டு, டென்மார்க் ஹொட்டேல் பதிவுகளை இணைத்தால் கேள்வி வரும். ஒஸ்லோவில் முன்னும் பின்னும் சில நாள் தங்குவதாக இருந்தால் அந்த நாட்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

காசு மட்டும் மூன்று நாட்டுக்கும் மூன்று. எல்லாவற்றுக்கும் குரோனர் என்றுதான் பெயர், ஆனால் ஒன்று மற்றதில் செல்லாது. சுவீடனில் தாள்காசு வாங்காத கடைகள் ஏராளம் என்பதால் வங்கி அட்டை கையில் இருக்கட்டும்.

தாலிக்கொடியோடு ஏறலாமா? சேலைதான் எனக்குப் பழக்கம். – வாசகி, நல்லூர்

சேலை வேண்டாம் அம்மா. அழகு குறித்துச் சொல்லவில்லை. முந்தானையும் துப்பட்டாவும் காற்றில் பறந்து சில்லுப் பக்கம் போனால் கழுத்து இழுபடும். காற்சட்டையும், உடம்போடு ஒட்டிய மேற்சட்டையும், குதிக்காலில் வார் உள்ள சப்பாத்தும் போடுங்கள். வாரில்லாத செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், இல்லையென்றால் அது தானாகவே கழன்று போகும்.

தாலிக்கொடியைக் கழற்ற வேண்டியதில்லை. சட்டைக்குள் விட்டு, மேல் பொத்தானைப் பூட்டி, அதற்கு மேலே சிப் உள்ள மெல்லிய யக்கற் ஒன்று போட்டால் சரி. தலைகீழாகச் சுற்றும்போது கொடி வெளியே வந்து முகத்தில் அடிக்காது. தோளுக்கு மேலால் இறங்கும் தடுப்பு உள்ள கோஸ்டரில் கொடியில் உள்ள தாலி மார்பெலும்பில் அழுத்தும், அதைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்திவிடுங்கள். காப்பும் தோடும் வீட்டிலே இருக்கட்டும். கண்ணாடிக்குப் பின்பக்கம் கட்டும் இறப்பர் வார் மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைக்கும்.

இன்னொன்று, பலரும் பிழை விடுவது இங்கேதான். முதலில் முதுகையும் இடுப்பையும் இருக்கையின் அடிவரை தள்ளி இருந்துகொண்டு, அதன் பிறகு மடிக்கு மேல் இறங்கும் தடுப்புக் கம்பியை இழுங்கள். சரிந்திருந்தபடி இழுத்துப் பூட்டினால் வயிற்றுக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழும். முதல் பள்ளத்தில் உடம்பு எழும்ப, தடுப்பு இன்னும் இரண்டு கிளிக் இறங்கித் தொடையை நெரிக்கும். பிறகு இறங்கும்வரை அதே வலிதான். கர்ப்பிணிகள், இருதயம் அல்லது முதுகெலும்புச் சிகிச்சை செய்தவர்கள் ஏறவே கூடாது.

லிசபேர்க்கின் பால்டர் கோஸ்டர் மரத்தால் ஆனது, ஆனால் பஞ்சுபோல ஓடும் என்கிறார்கள். மரம் குலுக்காதா? – பொறியியல் மாணவர், கிளிநொச்சி

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகச் சொல்ல இடம் தாருங்கள்.

வழமையான மரக் கோஸ்டரில் பாதையைக் கட்டுவது தச்சர். பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த இடத்திலேயே வளைத்து, ஆணி அடித்து, மேலே தட்டையான இரும்புப் பட்டி போடுவார்கள். ஒவ்வொரு மூட்டிலும் மில்லிமீற்றர் கணக்கில் ஏற்ற இறக்கம் வரும். மழையில் ஊறி வெயிலில் காய, ஆணி தளரும். சில்லு அந்த இடத்தில் இடிக்க, இடி அடுத்த மூட்டையும் தளர்த்தும். குலுக்கம் இப்படித்தான் வளர்கிறது.

2003இல் திறந்த பால்டர், இன்டமின் நிறுவனம் செய்தது. அதன் பாதைத் துண்டுகள் மெல்லிய மரத் தகடுகளை அழுத்தி ஒட்டி, தொழிற்சாலையிலேயே இயந்திரத்தால் வளைவுக்கு வெட்டப்பட்டவை. பூங்காவில் செய்தது அவற்றைப் பொருத்தி முடுக்கிய வேலை மட்டுமே. மூட்டுகள் குறைவு, வெட்டு நுணுக்கம், எனவே சில்லு வழுக்கிக்கொண்டு போகும். உயரம் 36 மீற்றர், ஓங்கி வளர்ந்த பனையையும் தாண்டும். முதல் பள்ளம் 70 பாகை சரிவு, வேகம் மணிக்கு 90 கிலோமீற்றர். அதன் பிறகு மேடு, மேடு, மேடு; ஒவ்வொன்றிலும் இருக்கையை விட்டு உடம்பு எழும்பும்.

அப்படி எழும்பும்போது ரயில் ஏன் பாதையை விட்டு எழும்பாது? சில்லு மூன்று வகை. மேலே ஓடுவது, பக்கவாட்டில் அணைப்பது, பாதைக்கு அடியில் கொக்கிபோலப் பிடிப்பது. மேட்டில் பாரம் முழுவதையும் தாங்குவது அந்த அடிச் சில்லு. சங்கிலியில் ஏறும்போது கேட்கும் 'டக் டக்' ஒலி பின்னோக்கி வழுக்காமல் பற்களில் விழும் தடுப்பு நாக்குடையது. அது கேட்கிறவரை சங்கிலி அறுந்தாலும் ரயில் கீழே போகாது.

கொல்மோர்டனில் 2016இல் திறந்த வைல்ட்ஃபயர் கோஸ்டர் வேறு சாதி. 56 மீற்றர் உயரம், மணிக்கு 115 கிலோமீற்றர். மரமாக இருந்தும் மூன்று முறை தலைகீழாகப் புரட்டும். மரப் பாதையின் மேல் தட்டை தடித்த உருக்கினால் மூடியிருப்பதால்தான் அது முடிகிறது. கிழக்குக் கரைப் பயணம் ஒன்று போவதற்கு அது ஒன்றே போதிய காரணம்.

முன் இருக்கையா, பின் இருக்கையா? – வாசகர், பருத்தித்துறை

உச்சியைத் தாண்டும்போது முன் பெட்டி மெதுவாகத் தொங்கும். பின்னால் இருக்கும் பாரம் இன்னும் ஏறி முடியவில்லை. ரயிலின் பாதிக்கு மேல் உச்சியைக் கடந்த பிறகு வேகம் பிடிக்கும், அப்போது கடைசிப் பெட்டி உச்சிக்கு வருகிறது. அதனால் பின்னிருப்பவரைப் பாதை பிடுங்கி எறியும். பால்டருக்குப் பின் வரிசை. லிசபேர்க்கின் வால்கிரியா கோஸ்டருக்கு முன் வரிசை: 2018இல் வந்த இது விளிம்பில் உங்களைக் குனிந்தபடி நிறுத்திவைத்து, பிறகு 50 மீற்றர் செங்குத்தாக நிலத்துக்குள் உள்ள சுரங்கத்தில் விடும். விளிம்பில் கால்களுக்குக் கீழே வெறும் காற்று மட்டும் தெரிவது முன் வரிசைக்காரருக்குத்தான். உயரம் 140 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளையை அதில் விடமாட்டார்கள். பால்டருக்கும், அதே பூங்காவின் ஹெலிக்ஸ் கோஸ்டருக்கும் 130.

நேரத்தையும் பாருங்கள். குளிர்ந்த காலையில் கிறீஸ் தடித்து, சில்லின் பிளாஸ்ரிக் உறை விறைத்து, ரயில் மந்தமாக ஓடும். பகல் முழுக்க ஓடிச் சூடேறிய பின் பின்னேரத்தில் அதே ரயில் பறக்கும். 2014இல் வந்த ஹெலிக்ஸுக்கு இது நன்றாகப் பொருந்தும். 1,380 மீற்றர் நீளம், ஏழு தலைகீழ்ச் சுற்று, நடுவே காந்த மோட்டர் இரண்டு இடத்தில் உந்தித் தள்ளும். மலைச்சரிவை ஒட்டியே ஓடுவதால் மரங்கள் முகத்துக்குக் கிட்ட வந்து விலகும். ஆடியில் இருட்ட இரவு பத்து மணிக்கு மேலாகும். பூங்கா மூடும் கடைசி அரை மணியை இதற்கென்று வைத்திருங்கள்.

ஸ்டொக்ஹோமில் விபத்து நடந்ததே, நம்பி ஏறலாமா? – வாசகி, மானிப்பாய்

25 ஜூன் 2023 அன்று குரோனா லுண்டின் ஜெட்லைன் கோஸ்டரில் நடந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயப்பட்டனர். ரயிலையும் சில்லுகளையும் இணைக்கும் தாங்குகை ஒன்று முறிந்ததே காரணம் என்று சுவீடனின் விபத்து விசாரணை அமைப்பு கண்டது. புதிதாகச் செய்வித்த அந்தப் பாகத்தின் தயாரிப்பிலும், அதைக் கொள்வனவு செய்து சரிபார்த்த முறையிலும் குறை இருந்தது. ஜெட்லைன் அதன் பிறகு ஓடவில்லை.

இதை மறைத்து "பயமே வேண்டாம்" என்று எழுத எங்களுக்கு மனமில்லை. ஆனால் இடையில் ரயில் நின்றாலே ஆபத்து என்று நினைப்பது தவறு. பாதை பல கண்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும், ஒரு கண்டத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். முன் ரயிலில் ஒருவர் பட்டியைக் கழற்றத் தாமதித்தால் பின் ரயில் தானாக பிரேக்கில் நிற்கும். நின்றால் தடுப்பைத் தள்ளிப் பார்க்காமல், தலையை இருக்கையோடு சாய்த்து இருங்கள். தேவையானால் ஊழியர் பக்கப் படியால் இறக்குவார்கள்.

அம்மம்மாவும் வருகிறா, அவ எதிலும் ஏறமாட்டா. அவவுக்கும் முழு ரிக்கற்றா? – வாசகர், உரும்பிராய்

பூங்காவைப் பொறுத்தது. டிவோலியிலும் குரோனா லுண்டிலும் நுழைவு வேறு, ஏறுவதற்கான கைப்பட்டி வேறு. அம்மம்மாவுக்கு நுழைவு மட்டும் எடுங்கள். எதிர்ப்பக்கமாக ஏமாறுகிறவர்களும் உண்டு: நுழைவை மட்டும் வாங்கி உள்ளே போய், ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கட்டிக் கைப்பட்டியைவிடக் கூடச் செலவழிப்பார்கள். யூர்ஸ், ஃபோருப் இரண்டிலும் ஒரே கட்டணத்தில் எல்லாம் அடக்கம், நீர்ப்பூங்காவும் சேர்த்து. ஆகவே மாற்றுடுப்பும் துவாயும் கொண்டுபோங்கள்.

அம்மம்மாவுக்கு ஏற்ற இடம் பக்கன். 1583இலிருந்து சனம் கூடி வரும் இடம், உலகின் மிகப் பழைய கேளிக்கைப் பூங்கா. உள்ளே போகக் கட்டணமே இல்லை. கிளாம்பன்போர்க் ரயில் நிலையத்தில் இறங்கி மான்கள் திரியும் காட்டுவழியால் நடந்து போகலாம்.

கோஸ்டர் ரசிகர் சங்கத்தாருடன் சேர்ந்து போகிறேன். 'கிரெடிட்' என்று எண்ணுகிறார்களே, என்ன அது? – வாசகர், சுன்னாகம்

வாழ்நாளில் ஏறிய வெவ்வேறு கோஸ்டர்களின் எண்ணிக்கை. ஒன்றில் பத்து முறை ஏறினாலும் கிரெடிட் ஒன்றுதான். சங்கப் பயணத்தின் பெரிய லாபம் அதுவல்ல, பிரத்தியேக ஓட்ட நேரம்: பூங்கா திறக்குமுன்போ மூடியபின்போ ஒரு கோஸ்டரைச் சங்கத்தாருக்கு மட்டும் ஓட்டுவார்கள். வரிசை இல்லாததால் ஒரு மணியில் அடுக்கடுக்காக ஏறலாம். ஐந்தாறு முறைக்குப் பிறகு தலை சுற்றத் தொடங்கினால் ஒரு சுற்று விட்டு, தண்ணீர் குடித்து, தூரத்து மரமொன்றை நிலையாகப் பாருங்கள். வெறுவயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது.

கைத்தொலைபேசியை எடுத்துப் படம்பிடித்தால் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார்கள், உங்களால் முழுக் குழுவும் நேரத்தை இழக்கும். சங்கத்தார் மன்னிக்காத குற்றம் இது.

டிவோலியின் 1914ஆம் ஆண்டு மரக் கோஸ்டர் ருட்ஷபானனில் ஏறாமல் வந்துவிடாதீர்கள். அதில் ரயிலோடு கூடவே ஒருவர் இருந்து கையால் பிரேக் பிடிக்கிறார். எந்த வளைவில் எவ்வளவு விடுவது என்பது அவர் கையில், அதனால் ஒரு சுற்றுப் போல மறு சுற்று இராது. பக்கனின் 1932 மரக் கோஸ்டரிலும் முன்பு அப்படி ஆள் இருந்தார். 2010இல் புதிய ரயில் வந்ததோடு அவர் வேலை போய்விட்டது. இரண்டிலும் ஏறினால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை மரக்கறிதான். என்ன சாப்பிடுவது? – வாசகி, வட்டுக்கோட்டை

டென்மார்க்கின் சோமர்லாண்ட் பூங்காக்களுக்குக் குடும்பங்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வருவது வழமை, அதற்கென்றே மேசைகள் உண்டு. புட்டைவிட இடியப்பம் மத்தியானம்வரை தாங்கும். சொதியை விட்டு, கெட்டியான உருளைக்கிழங்குப் பிரட்டலோடு கட்டுங்கள். கடையில் வாங்குவதென்றால் உருளைக்கிழங்குப் பொரியலும், கடலை வடை போன்ற பலாபெலும் பெரும்பாலும் கிடைக்கும். பாணுக்குள் வைத்துத் தரும் சொசேஜ் அனேகமாகப் பன்றி இறைச்சி, கேட்டு வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் மூன்று நாட்டிலும் அப்படியே குடிக்கலாம், வெறும் போத்தல் ஒன்று பையில் இருந்தால் போதும்.