வேலையை விட்டுவிட்டு ஐடி சான்றிதழ் தேர்வுக்குப் படிக்கலாமா?

நீங்கள் எழுதியதிலிருந்து உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இதுதான். ஹெல்ப் டெஸ்கில் இரண்டு வருடம் ஆகிவிட்டது. பாஸ்வேர்டு மாற்றிக் கொடுப்பதும் பிரிண்டர் பார்ப்பதுமாகவே நாள் போகிறது. நெட்வொர்க் பக்கம் போக ஆசை, ஆனால் வேலையோடு சேர்த்துப் படிக்க முடியவில்லை. அதனால் ஆறு மாதம் வேலையை விட்டுவிட்டு சிசிஎன்ஏவும் (சிஸ்கோ நிறுவனத்தின் நெட்வொர்க் சான்றிதழ்), முடிந்தால் ஒரு கிளவுட் சான்றிதழும் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறீர்கள்.

நான் 2021இல் இதையேதான் செய்தேன். ஏறக்குறைய இதே வேலை, இதே தேர்வு. தேர்வில் தேறினேன், இன்று நெட்வொர்க் வேலையில்தான் இருக்கிறேன். ஆனாலும் தேர்வுக்காக மட்டும் என்றால் வேலையை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். வேலையை விட்டபின் எனக்குக் கிடைத்த மூன்றாவது இன்டர்வியூ. "ஒரு மாடியில் பாதிப் பேருக்கு நெட்வொர்க் வருகிறது, பாதிப் பேருக்கு வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்?" என்று கேட்டார்கள். கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் டிஎச்சிபி எப்படி வேலை செய்கிறது என்று நான் நான்கு படிகளையும் வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "சரி, இதை நீங்கள் நேரில் பார்த்திருக்கிறீர்களா?" என்றார். பார்த்திருக்கிறேன். ஹெல்ப் டெஸ்கில் இருந்தபோது ஒரே காலையில் ஒன்பது டிக்கெட் (புகார்) வந்தது, எல்லாம் ஒரே மாடியிலிருந்து. ஒவ்வொரு கணினியிலும் 169.254 என்று தொடங்கும் முகவரி. டிஎச்சிபி சர்வரிடமிருந்து பதில் வராதபோது கணினி தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் முகவரி அது. நெட்வொர்க் குழுவிலிருந்து ஒரு அண்ணன் வந்து பார்த்தார். முந்தைய நாள் இரவு மாற்றிய நெட்வொர்க் ஸ்விட்சின் டிரங்க் போர்ட்டில் அந்த மாடியின் விலானை அனுமதிக்க மறந்திருந்தார்கள். (விலான் என்பது ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரித்த பகுதி, பல விலான்களை ஒரே கேபிளில் கடத்துவது டிரங்க்.) ஒரு வரி கட்டளை, எல்லாம் சரியாகிவிட்டது.

அந்த நாளில் எனக்கு டிரங்க் என்றால் என்ன என்றே தெரியாது. டிக்கெட்டை மூடிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். இன்டர்வியூவில் அந்தக் கதையைச் சொன்னபோதுதான் எதிரே இருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகு பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான். வேலையும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. சான்றிதழுக்காகப் படித்தது, நான் ஏற்கெனவே கண்ணால் பார்த்தவற்றுக்குப் பெயர் கொடுத்தது. பார்க்க வைத்ததோ நான் அலுத்துப்போய் விட்ட அந்த வேலை. விலான் பாடத்தைப் படித்த வாரத்தில் நான் வேலையில் இருந்திருந்தால், மறுநாள் காலையே அந்த அண்ணனிடம் போய், "அன்றைக்கு நீங்கள் போட்ட கட்டளையைக் காட்டுங்கள்" என்று கேட்டிருக்கலாம். ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் பாதை கண்டுபிடிக்கும் ஒரு முறை) புரியாமல் பத்து நாள் தனியாகத் திண்டாடினேன். கேட்க ஆள் இல்லை. முன்பு என்னிடமிருந்து நான்கு மேசை தள்ளியே ஆள் இருந்தார்.

அடுத்து நேரக் கணக்கு. படித்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். சிசிஎன்ஏவுக்கு எனக்கு ஆனது மொத்தம் 200 மணி நேரம் சொச்சம். உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். தினமும் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் அது 25 நாள் வேலை. நான் ஏழு மாதம் எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் எட்டு மணி நேரம் யாராலும் உருப்படியாகப் படிக்க முடியாது. காலையில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் மண்டையில் ஏறவில்லை. சப்நெட்டிங் (நெட்வொர்க் முகவரிகளைப் பிரிக்கும் கணக்கு) எல்லாம் ஒரே நாளில் நூறு கணக்குப் போட்டு வருவதில்லை, தினமும் பத்து என்று ஒரு மாதம் போட்டால்தான் கைக்கு வரும். அதே 200 மணி நேரத்தை வார நாட்களில் ஒன்றரை மணி, சனி ஞாயிறு சேர்த்து ஐந்து மணி என்று பிரித்தால் 16 வாரம். ஏழு மாதச் சம்பளத்தை இழந்து நான் வாங்கியதை, வேலையில் இருந்துகொண்டே நான்கு மாதத்தில் முடித்திருக்கலாம்.

இது எனக்கு அப்போது தெரியவில்லை. நேரம்தான் தடை என்று நினைத்தேன். அசதியும் அலுப்பும்தான் உண்மையான தடை.

தேர்வைப் பற்றியும் சில விஷயங்கள். முன்பு சிசிஎன்ஏ பல பிரிவுகளாக இருந்தது. 2020 பிப்ரவரி 24 முதல் 200-301 என்ற ஒரே தேர்வு, 120 நிமிடம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. எழுதுவதற்கு முன்அனுபவம் எதுவும் கட்டாயமில்லை. முதல் முறை நான் தோற்றேன். தோற்றால் ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி எழுதலாம் என்பது விதி, கட்டணமும் திரும்பக் கட்ட வேண்டும். சம்பளம் வராத மாதத்தில் அந்தக் கட்டணத்தைக் கட்டும்போது வயிற்றைக் கலக்கியது. அந்த மாதிரி நேரத்தில்தான் டம்ப்ஸ் (திருட்டுத்தனமாக வெளிவந்த தேர்வுக் கேள்விகள்) பக்கம் மனம் போகும். தயவுசெய்து போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்வார்கள். பிடிபடாவிட்டாலும் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

சான்றிதழுக்கும் காலாவதி உண்டு. சிசிஎன்ஏவுக்கு மூன்று வருடம், அமேசானின் கிளவுட் சான்றிதழான ஏடபிள்யூஎஸ் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட்டுக்கும் மூன்று வருடம். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான அஷூரின் அசோசியேட் சான்றிதழ்கள் ஒரே வருடம்தான், ஆனால் ஆன்லைனில் இலவசமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். வேலை இல்லாமல் இரண்டு மூன்றை வாங்கி அடுக்கினால், பயன்படுத்தத் தொடங்கும் முன்பே நாள் ஓட ஆரம்பித்துவிடும். பின்னாளில் செக்யூரிட்டி பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இதையும் கவனியுங்கள்: சிஐஎஸ்எஸ்பி என்ற செக்யூரிட்டி சான்றிதழை முழுதாகப் பெற அதன் எட்டுப் பிரிவுகளில் குறைந்தது இரண்டிலாவது ஐந்து வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். கணினி, ஐடி சார்ந்த பட்டமோ அவர்கள் ஏற்கும் வேறொரு சான்றிதழோ இருந்தால் ஒரு வருடம் கழியும், அவ்வளவுதான். ஹெல்ப் டெஸ்கிலிருந்து நெட்வொர்க்குக்கும் அங்கிருந்து செக்யூரிட்டிக்கும் போகிற பாதையில், சும்மா இருக்கும் மாதங்கள் எந்தக் கணக்கிலும் சேராது.

எப்போது விடலாம்? வாராவாரம் மாறும் இரவு ஷிப்ட்டில் தூக்கமே கெட்டு உடம்பு போய்க்கொண்டிருந்தால் விடுங்கள். அது தேர்வுக்காக விடுவது இல்லை, உங்களுக்காக விடுவது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. அவர் விட்டது சரி. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை, சம்பளம் குறைந்த பகல் வேலை ஒன்றுக்கு மாறி, அங்கிருந்து படித்தார். அப்படி எதுவும் கிடைக்காமல் விடத்தான் வேண்டும் என்றால், படிக்க ஆகும் மாதங்களுக்கு மட்டும் இல்லாமல், தேறிய பிறகு வேலை தேடும் மாதங்களுக்கும் சேர்த்துச் சேமிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தேறியபின் இன்னும் மூன்று மாதம் ஆனது. அதை நான் கணக்கில் வைக்கவே இல்லை. அம்மாவிடம் பணம் கேட்க வேண்டி வந்தது, அது இன்னும் மனதில் இருக்கிறது.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது இது. ஆறு வாரம் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போவதற்கு முன் ஒன்றரை மணி நேரம், திரும்பி வந்தபின் வேண்டாம், அப்போது மூளை ஓடாது. பாக்கெட் டிரேசர் (கணினியிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் சிஸ்கோ மென்பொருள்) இலவசம்தான், முதல் வாரமே இரண்டு ஸ்விட்சும் ஒரு ரவுட்டரும் போட்டு விலான் பிரித்துப் பாருங்கள். அன்றன்று உங்களிடம் வந்த டிக்கெட்டுகளில் நெட்வொர்க் குழுவுக்கு அனுப்பியது எதுவோ, அதை அவர்கள் எப்படித் தீர்த்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். சனி ஞாயிறையும் சேர்த்து ஆறு வாரத்தில் 60 மணி நேரமாவது நோட்டில் ஏறியிருந்தால் தேர்வுக்குத் தேதி குறித்துவிடுங்கள். ஏறவில்லை என்றால் ஏன் என்று அந்த நோட்டே சொல்லும்.

உங்கள் மேலாளரிடம் ஷிப்ட் மாற்றமோ, வாரத்தில் ஒரு நாள் நெட்வொர்க் குழுவோடு உட்கார அனுமதியோ கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. ராஜினாமா கடிதத்துக்கு முன் அதைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவே இல்லை. நான் போன மறுமாதம் அந்தக் குழுவில் ஒரு இடம் காலியானது, ஹெல்ப் டெஸ்கிலிருந்துதான் ஆளை எடுத்தார்கள்.