தந்தைக்கு ஹண்டிங்டன் நோய்: மகள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

வணக்கம். தந்தைக்கு, மூளை நரம்பணுக்களைப் படிப்படியாகச் சிதைக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டன் உறுதியான நிலையில், திருமணப் பேச்சு நடக்கும் இவ்வேளையில் நீங்களும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அண்ணன் வற்புறுத்துவதாக எழுதியிருந்தீர்கள். மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நோய் வராமல் தடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை இன்னும் இல்லாததால், அவசரப்பட மருத்துவக் காரணமும் இல்லை.

தந்தையிடமிருந்து நோய் தரும் மரபணு உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு சரிபாதி. நான்காம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் சி.ஏ.ஜி. என்னும் மூன்று டி.என்.ஏ. எழுத்துகளின் தொகுதி எத்தனை முறை தொடர்ந்து வருகிறது என்பதையே பரிசோதனை எண்ணுகிறது. அது 40 அல்லது அதற்கு மேல் என்றால், இயல்பான ஆயுளுக்குள் நோய் வரும் என்றே கொள்ள வேண்டும். 36 முதல் 39 வரை என்றால் வராமலும் போகலாம். எந்த வயதில் தொடங்கும் என்பதை அந்த எண் துல்லியமாகச் சொல்லாது. (பலர் அதைத்தான் அறிய விரும்புகிறார்கள்.)

தாயை இந்நோய்க்குப் பறிகொடுத்து, வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, 1993இல் இம்மரபணு கண்டறியப்பட வழிவகுத்த அமெரிக்க ஆய்வாளர் நான்சி வெக்ஸ்லரே, பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுத்து முழு வீச்சில் பணியாற்றினார். தமக்கு நோய் இருப்பதை 2020இல், 74 வயதில்தான் வெளியிட்டார்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள்: தந்தையின் நோயை மணமகனிடம் நீங்களே, நிச்சயத்துக்கு முன் சொல்லிவிடுங்கள். குழந்தை பற்றிய கவலைக்கு, உங்கள் பரிசோதனை முடிவை உங்களுக்கே தெரிவிக்காமல் கருவை மட்டும் சோதிக்கும் முறையும் உண்டு, செலவு அதிகம். எதற்கும் முதலில் மரபியல் ஆலோசகரைத் தனியாகச் சந்தியுங்கள், அண்ணன் இல்லாமல்.