காலி மனையில் திறந்த குழி: பலகை வைத்தால் பொறுப்பு தீருமா?

கேள்வி: வீடு கட்டுவதற்காக அடித்தளம் தோண்டிய மனையில் வேலை நின்றுபோய், குழி ஐந்து மாதமாக அப்படியே கிடக்கிறது. அக்கம்பக்கத்தார் மனை வழியாகக் குறுக்கே நடக்கிறார்கள், பிள்ளைகள் விளையாட வருகிறார்கள். ‘அனுமதியின்றி நுழைவோருக்கு நேரும் விபத்துக்கு உரிமையாளர் பொறுப்பல்ல’ என்று பலகை வைத்திருக்கிறேன். இது போதுமா? இரவில் மட்டும் மின்வேலி போடலாமா?

பதில்: பலகை மட்டும் போதாது. மின்வேலி யோசனையை இப்போதே கைவிடுங்கள்.

உங்களுக்கு எதிரான சாட்சியம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஆட்கள் வருவது தெரியும், குழி இருப்பதும் தெரியும். ஆங்கிலேயச் சட்ட மரபு உள்ள நாடுகளில் நீதிமன்றம் முதலில் தேடுவது இந்தத் ‘தெரியும்’ என்பதைத்தான். நெடுங்காலம் கண்டும் காணாமல் விட்ட குறுக்குப் பாதையில் வருபவரை ‘அத்துமீறியவர்’ என்று தள்ளிவிட முடியாது. 1911இல் வெளியான லோவரி எதிர் வாக்கர் வழக்கில், ரயில் நிலையத்துக்குப் போக ஊரார் சுமார் 35 ஆண்டுகள் குறுக்கே நடந்த வயலில் உரிமையாளர் முரட்டுக் குதிரையை விட்டார். அது கடித்ததற்கு அவரே பொறுப்பு என்றது, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை.

வந்தவர் உண்மையிலேயே அத்துமீறியவர் என்றாலும் கடமை முழுவதும் நீங்கிவிடாது. இங்கிலாந்தின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. ஆபத்து இருப்பதை உடைமையாளர் அறிவாரா? அதன் அருகே ஆட்கள் வரக்கூடும் என்று அறிவாரா? அதற்கு அவர் ஓரளவாவது பாதுகாப்பு செய்திருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் கடமை உண்டு. உங்கள் குழிக்கு மூன்றுமே ‘ஆம்’தான்.

பலகைக்கு வருவோம். ‘பொறுப்பல்ல’ என்பது எச்சரிக்கையே அல்ல. எங்கே, என்ன ஆபத்து, எப்படித் தவிர்ப்பது என்று சொன்னால்தான் எச்சரிக்கை: ‘8 அடி ஆழக் குழி. உள்ளே வராதீர்கள். சாலை வழியாகச் செல்லவும்.’ ஆங்கிலேய நீதிபதி டென்னிங் பிரபு 1963இல் சொன்ன உதாரணம் இது: வீட்டுக்குள் வர ஒரே பாலம், அதுவும் பழுது என்றால், ‘ஆபத்தான பாலம்’ என்ற பலகையால் பயனில்லை, வருபவருக்கு வேறு வழியில்லை. பக்கத்தில் நல்ல பாலம் ஒன்று இருந்தால் அதே பலகை போதும். மேலும், பலகை படிக்கத் தெரிந்தவருக்கு. நான்கு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் தகரம்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் உரிமையாளர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பிரிட்டனில் 1972இல் தீர்ப்பான ஹெரிங்டன் வழக்கில், மிதிபட்டுச் சாய்ந்த வேலியைத் தாண்டிப்போன ஆறு வயதுச் சிறுவன் மின்சாரத் தண்டவாளத்தில் பட்டுப் பலத்த தீக்காயம் அடைந்தான். பிள்ளைகள் தண்டவாளத்தில் நடமாடுவதாக ரயில் நிலைய அதிகாரிக்கு முன்பே தகவல் போயிருந்தது. வேலியைச் செப்பனிடாத ரயில்வே பொறுப்பேற்க நேர்ந்தது.

ஆகவே முதல் வழி, குழியை மண் போட்டு மூடுவது. வேலை தொடங்கும்போது திரும்பத் தோண்டும் கூலி, ஒரு வழக்கின் செலவைவிடக் குறைவு. மூட முடியாதென்றால் கெட்டியான வேலி வேண்டும். சிவப்பு ரிப்பன் வேலி ஆகாது. நீச்சல்குள வேலிக்குப் பல இடங்களில் கேட்கப்படும் 1.2 மீட்டர் உயரத்தையும் 10 செ.மீ.க்கு மிகாத இடைவெளியையும் அடிமட்ட அளவாகக் கொள்ளுங்கள். ஏற முடியாதபடி 1.8 மீட்டர் வைப்பது மேல். கால் வைத்து ஏற வசதியான குறுக்குச் சட்டங்கள் வெளிப்பக்கம் இருக்கக் கூடாது. விளிம்பை ஒட்டி நட்டால் மழையில் மண் சரியும்போது வேலியும் உள்ளே போகும். குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது தள்ளி நடுங்கள். தோண்டிய மண்ணையும் செங்கல்லையும் வேலியோரம் குவித்தால் அதுவே படிக்கட்டாகிவிடும். தேங்கும் நீரை உடனுக்குடன் இறைத்துவிடுங்கள். கலங்கிய நீர் ஆழத்தை மறைக்கும்.

மின்வேலி ஏன் கூடாது? தடுப்பது வேறு, காத்திருந்து காயப்படுத்துவது வேறு. அமெரிக்காவின் ஐயோவாவில், ஆளில்லாத பண்ணை வீட்டின் கதவில் துப்பாக்கிப் பொறி வைத்தவர், திருட நுழைந்து காலில் சுடப்பட்டவருக்கு 30,000 டாலர் கொடுக்க வேண்டும் என்று 1971இல் உறுதியானது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவதும் இதே ரகம். உயிர் போனால் இழப்பீட்டோடு நிற்காது, குற்ற வழக்கும் வரும்.

ஒப்பந்ததாரரிடம் மனையை ஒப்படைத்திருந்தால் அவருக்கும் பொறுப்பு உண்டு. இடத்தின் மீது யாருக்குக் கட்டுப்பாடு இருக்கிறதோ அவரையே சட்டம் பார்க்கும், அது இருவராகவும் இருக்கலாம். வேலை நிற்கும் நாட்களில் வேலியை யார் பார்ப்பது என்று எழுத்தில் வாங்குங்கள். வாரம் ஒருமுறையும், பெருமழைக்கு மறுநாளும் சுற்றிப் பார்த்து, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஓட்டை கண்டால் அன்றே அடையுங்கள். படம் எடுத்தும் சரிசெய்யாமல் விட்டால், அந்தப் படமே உங்களுக்கு எதிராகப் பேசும்.